ஏடு விட்டுவிட்ட வீராங்கனைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் மகளிர் கூடைப்பந்தை 1971 முதல் 1982 வரை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட மகளிர் கல்லூரி விளையாட்டுக் கழகம். ஏறத்தாழ 280 கல்லூரிகளோடு தொடங்கிய இக்கழகம், பத்தே ஆண்டுகளில் 950க்கும் மேற்பட்ட கல்லூரிகளை உறுப்பினராகக் கொண்டு வளர்ந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது. ஆயினும் அக்காலத்தில் ஆடிய பெண்களுள் பலருடைய பெயரை இன்றைய ரசிகர்கள் அண்மையில்தான் அறியத் தொடங்கினர்.

இம்மறதிக்குக் காரணம் ஆட்சிமாற்றம். ஆடவர் விளையாட்டை நெடுங்காலம் நடத்திவந்த என்.சி.ஏ.ஏ., 1981–82 பருவத்தில் மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளையும் தொடங்கியது. அதனிடம் பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் இருந்தன. போட்டிக்கு வரும் அணிகளின் பயணச் செலவையும் அது ஏற்றது. 1982இல் இரு அமைப்புகளும் தனித்தனியே பட்டப்போட்டி நடத்தின: ஒன்றில் லூயிசியானா டெக் வென்றது, மற்றொன்றில் ரட்கர்ஸ் வென்றது. அத்தோடு பழைய கழகம் செயலிழந்தது. புதிய அமைப்பின் சாதனைப் பட்டியல் தன் காலத்திலிருந்தே கணக்கைத் தொடங்கியதால், முந்தைய ஆண்டுகளின் புள்ளிகள் அதில் ஏறவில்லை.

அக்காலத்தின் முதல் பெரிய அணி, பிலடெல்பியாவை அடுத்த இம்மாக்குலாட்டா என்னும் சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரியினுடையது. கேத்தி ரஷ் பயிற்றுவித்த இவ்வணி 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றது. போட்டிக்குச் செல்லும் செலவுக்காக வீராங்கனைகள் பல்துலக்கிகளை விற்றுப் பணம் திரட்டினர். கன்னியாஸ்திரீகளும் பெற்றோரும் இரும்பு வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தது இவ்வணி ரசிகர்களின் தனி அடையாளமாயிற்று. 1975 பிப்ரவரியில் நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் குவீன்ஸ் கல்லூரியுடன் இவ்வணி மோதியதைக் காண ஏறத்தாழ 12,000 பேர் வந்தனர். கல்லூரியாரும் பழைய மாணவியரும் இந்நினைவைக் காத்துவந்தனர். இவ்வெற்றிக்கதை திரைப்படமாயிற்று, 2014இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் முழு அணியையும் ஏற்றது.

இம்மாக்குலாட்டாவின் வெற்றி வரிசையை 1975இல் முறித்தது மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் அணி. அதன் நடு ஆட்டக்காரர் லூசியா ஹாரிஸ், ஆறடி மூன்றங்குல உயரமுள்ள கறுப்பினப் பெண். 1975 முதல் 1977 வரை மூன்று பட்டங்களை வென்று தந்த இவர், கல்லூரி வாழ்வில் 2,981 புள்ளிகள் எடுத்தார். மகளிர் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் கூடையைப் போட்டவரும் இவரே. அடுத்த ஆண்டு ஆடவர் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் இவரைத் தெரிவு செய்தது. எனினும் அப்போது மகளிருக்கு நிலையான தொழில்முறைப் போட்டித்தொடர் இல்லாததால் பெருவருவாய்க்கு வழியில்லை. 2022 ஜனவரியில் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய குறும்படம் இரண்டே மாதங்களில் ஆஸ்கர் விருது பெற்றது. அவருடைய ஆட்டத்தை ஒருமுறைகூடக் காணாத தலைமுறை அப்படத்தின் வழியே அவரை அறிந்தது.

புள்ளிக் கணக்கில் முன்னின்றவர்கள் வேறு இருவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுட்டர்டு 1977–81இல் 3,649 புள்ளிகள் எடுத்தார். 1984இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 1985இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் முதல் பெண் ஆட்டக்காரரானார். தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் கல்லூரியில் சிறு கல்லூரிப் பிரிவில் ஆடிய பேர்ல் மூர், 1979இல் முடிந்த தம் கல்லூரி வாழ்வில் மொத்தம் 4,061 புள்ளிகள் சேர்த்தார். அன்று மூன்று புள்ளிக் கோடு இல்லை. பெண்களும் ஆடவருக்குரிய பெரிய பந்தையே கையாண்டனர். எனவே இவ்வெண்களின் மதிப்பு இன்னும் உயர்கிறது.

இப்பெயர்களைப் பொதுநினைவுக்குத் திருப்பிக் கொணர்ந்தது 2024ஆம் ஆண்டு. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று, கெல்சி பிளம்மின் 3,527 புள்ளிகளைக் கடந்து என்.சி.ஏ.ஏ. சாதனை படைத்தார். உண்மையான இலக்கு வுட்டர்டின் 3,649 அல்லவா என்று மூத்த ரசிகர்களும் செய்தியாளர்களும் கேட்டனர். கிளார்க்கின் பயிற்சியாளர் லிசா புளூடரும் அதையே வலியுறுத்தினார். பிப்ரவரி 28 அன்று கிளார்க் அவ்வெண்ணையும் தாண்டினார். மார்ச் 3 அன்று ஆடவர் சாதனையாளர் பீட் மாராவிச்சின் 3,667ஐயும் அவர் கடந்தபோது, வுட்டர்டு விருந்தினராக அரங்கில் இருந்தார். கிளார்க் 3,951 புள்ளிகளோடு கல்லூரி ஆட்டத்தை நிறைவு செய்தார். பேர்ல் மூரின் எண்ணிக்கை அதைவிட 110 மிகுதி. மூர் 2021இல்தான், ஆடி முடித்து நாற்பதாண்டுகளுக்குப் பிறகு, புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்.

ஆட்டம் எந்த அமைப்பின்கீழ் நடந்தது என்பது ஆட்டத்தின் தரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அது நினைக்கப்படுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஏடு விட்டதை ஈடு செய்தவை கல்லூரிக் காப்பகங்களும், உள்ளூர்ச் செய்தித்தாள்களும், பெயர் மறவாத ரசிகர்களும்தாம். ஒரு துறையின் வரலாற்றை எழுதுவோர் வென்ற அமைப்பின் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாகாது. இல்லாமற்போன அமைப்புகளின் கணக்கையும் தேடிச் சேர்ப்பது அவர்கள் கடமை.