முன்பாக்கி இல்லாத கணக்கு

1980, மே மாதம் 3-ம் தேதி. கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் ஃபேர் ஓக்ஸ் என்று ஓர் ஊர். சர்ச்சில் திருவிழா. காரி லைட்னர் என்கிற 13 வயதுப் பெண் தன் தோழியோடு அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தாள். நடுரோட்டில் அல்ல. ஓரமாக, சைக்கிள்காரர்களுக்கென்று ஒதுக்கிய பாதையில்.

பின்னாலிருந்து வந்த கார் அவளைத் தூக்கி எறிந்தது. ஓட்டியவர் நிறுத்தவில்லை. இறங்கி என்ன ஆச்சு என்று பார்க்கவும் இல்லை. போய்விட்டார். காரி பிழைக்கவில்லை.

சில நாளில் போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர். பெயர் நமக்கு வேண்டாம். அவர் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஏற்கெனவே பலமுறை மாட்டியவர். சம்பவத்துக்கு இரண்டே நாள் முன்னால்தான் ஜாமீனில் வெளியே வந்திருக்கிறார். எந்த கேஸில் ஜாமீன் என்கிறீர்கள்? குடித்துவிட்டு ஓட்டி, இடித்துவிட்டு நிற்காமல் போன கேஸில்!

காரியின் அம்மா கேண்டி லைட்னர். விவாகரத்தானவர். வீடு, மனை விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டாக வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ‘இவனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?’ என்று போலீஸ்காரரிடம் கேட்டார். ஜெயிலுக்குப் போனாலே அது உங்கள் அதிர்ஷ்டம் என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. இங்கே வழக்கம் இப்படித்தான்.

கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் போலீஸ்காரர் மேல் தப்பில்லை. அவர் உள்ளதைச் சொன்னார்.

அமெரிக்காவில் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. நியூயார்க் மாநிலம் 1910-லேயே குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றம் என்று எழுதிவைத்தாகிவிட்டது. சரி, குடித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லையோ? அதுவும் இருந்தது. இண்டியானா மாநிலப் போலீஸில் வேலை பார்த்த ராபர்ட் போர்க்கென்ஸ்டைன், ஊதினால் சாராய அளவு சொல்லும் கருவியை 1954-ல் செய்துவிட்டார். சட்டம் ரெடி, கருவி ரெடி. அப்புறம் என்னதான் இல்லை?

நான் படித்தது பி.காம். எனக்கு இதைக் கணக்குப் பாஷையில் சொன்னால்தான் சுலபம். பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போகும்போது முதல் வரியில் என்ன எழுதுவோம்? முன்பாக்கி. பழைய கடனை இழுத்துக்கொண்டு வந்து புதுப் பக்கத்தில் நிறுத்தும் அந்த ஒற்றை வரி. அது இல்லாவிட்டால் ஊரெல்லாம் கடன் வைத்தவன்கூட ஒவ்வொரு பக்கத்திலும் யோக்கியனாகத்தான் தெரிவான்.

அமெரிக்கக் கோர்ட்டுகளில் அந்த வரிதான் காணாமல் போயிருந்தது. எப்படிப் போனது என்பதுதான் சுவாரஸ்யம்.

முதல் வழி, பேரம். அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் விசாரணைக்கு முன்னால் பேசிக்கொள்வார்கள். ‘குடித்துவிட்டு ஓட்டினார் என்பதை விட்டுவிடுங்கள். கவனக்குறைவாக ஓட்டியதாக என் கட்சிக்காரர் ஒப்புக்கொள்கிறார்.’ வக்கீலுக்கு ஒரு கேஸ் குறைந்தது. நீதிபதிக்கு ஒரு நாள் மிச்சம். அபராதத்தைக் கட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஏட்டில் இப்போது ‘குடி’ என்கிற வார்த்தையே கிடையாது. அடுத்த தடவை மாட்டினால், குடிக்கு அதுதான் முதல் தடவை!

இரண்டாவது வழி, வகுப்பு. குடியின் தீமை பற்றிச் சில வாரம் பாடம் கேட்டால் போதும், வழக்கே பதிவாகாது என்று பல ஊர்களில் ஏற்பாடு. திருந்த நினைப்பவருக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் போன வருஷம் இதே வகுப்பில் உட்கார்ந்திருந்தாரா என்று பார்க்கப் பதிவு வேண்டாமா? அதைத்தான் அழித்தாகிவிட்டதே.

மூன்றாவது, மாநில எல்லை. ஓரிடத்தில் லைசென்ஸ் போனால் அடுத்த மாநிலத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். இதைத் தடுக்க 1960-லேயே தேசியப் பதிவேடு ஒன்றை ஆரம்பித்தார்கள். அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்று 1982-ல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், முதல் 20 வருஷம் என்ன லட்சணம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே மனித சுபாவம் ஒன்று இருக்கிறது. கொலைகாரனைப் பார்க்கும் நீதிபதி, ‘இது நானாக இருந்திருக்கலாம்’ என்று நினைக்கமாட்டார். ஆனால் விருந்தில் ரெண்டு கிளாஸ் சாப்பிட்டுவிட்டு காரை எடுத்தவனைப் பார்த்தால்? நீதிபதிக்கும் விருந்து உண்டு. வக்கீலுக்கும் ஜூரிக்கும் உண்டு. பாவம், கெட்ட நேரம் என்று மனசு இளகிவிடும். அந்தக் காலத்தில் இதை எல்லோரும் ‘விபத்து’ என்றே சொன்னார்கள். விபத்துக்கு யார் பொறுப்பு? விதி!

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவன் இந்தக் குற்றத்தைச் செய்தானா என்று தீர்மானிக்கும்போது, அவன் பழைய கதையைக் கொண்டுவந்து மனசைக் கெடுக்கக்கூடாது என்பது நல்ல விதி. அது அப்பாவிகளைக் காப்பாற்றுகிற விதி. ஆனால் செய்தான் என்று முடிவாகிவிட்டபிறகு, தண்டனையைத் தீர்மானிக்கிற நேரத்தில் பழைய கணக்கு கண் முன்னால் வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில்தான் அது இல்லை.

இவ்வளவும் ரகசியமாகவா நடந்தது? அதுதான் வேடிக்கை. பகிரங்க விசாரணை என்பது அமெரிக்க அரசியல் சாசனமே கொடுத்த உரிமை. கோர்ட் கதவு திறந்துதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். யாரும் போகவில்லை, அவ்வளவுதான். பேரம் தாழ்வாரத்தில் முடிந்தது, உள்ளே அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கேட்க ஆளில்லாததாலேயே ரகசியமாகிப்போன சமாசாரம்.

முதலில் போய்க் கேட்டவர்களில் ஒருவர் டோரிஸ் ஏகன். நியூயார்க் மாநிலத்தில் ஷெனெக்டடி என்கிற ஊர்க்காரர். 1978-ல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கோர்ட் ஏடுகளைப் பாருங்கள், யாரை எப்படி விட்டார்கள் என்று எழுதுங்கள், ஊருக்குச் சொல்லுங்கள். இதுதான் வேலைத்திட்டம். 1980-ல் குடி கேஸை வேறு கேஸாக மாற்றும் பேரத்துக்குக் கடிவாளம் போட்டு நியூயார்க் சட்டமே கொண்டுவந்தது.

அதே வருடம் கலிஃபோர்னியாவில் கேண்டி லைட்னர் ஆரம்பித்ததுதான் ‘குடிகார ஓட்டுநர்களுக்கு எதிரான அம்மாக்கள்’. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மேட்’ என்று வரும். அந்த வார்த்தைக்குப் பைத்தியம் என்றும் அர்த்தம், கோபம் என்றும் அர்த்தம். அவருக்கு இரண்டுமே பொருந்திய நேரம் அது. கவர்னர் ஜெர்ரி பிரவுனின் ஆபீஸ் வாசலுக்கு விடாமல் போய் நின்றார். இதை ஆராய ஒரு குழு போடும்வரை ஓயவில்லை. மேரிலாண்டிலிருந்து சிண்டி லாம்ப் வந்து சேர்ந்துகொண்டார். 1979 நவம்பரில் அவர் காரின்மீது மோதியவரும் குடியில் இருந்தவர்தான், பழைய குற்றவாளிதான். அவருடைய ஐந்து மாதக் குழந்தைக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது.

இந்த அம்மாக்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு நோட்டு, ஒரு பேனா. தன்னார்வலர்கள் கோர்ட்டில் போய் உட்கார்ந்தார்கள். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. நீதிபதி யார், என்ன கேஸ், எதுவாக மாறியது, என்ன தண்டனை என்று எழுதினார்கள். எழுதுகிறார்கள் என்பது மேடையில் இருப்பவருக்குத் தெரிந்தது. போதாதா? மெய்ன் மாநிலத்தில் பின்னாளில் இதை ஆராய்ந்து பார்த்தபோது, கவனிக்க ஆள் உட்கார்ந்திருந்த வழக்குகளில் குற்றம் உறுதியாவது அதிகமாக இருந்தது.

கலிஃபோர்னியாவில் 1982-ல் ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. குடி கேஸைக் கவனக்குறைவு கேஸாக மாற்றலாம். ஆனால் குடி சம்பந்தப்பட்டிருந்ததா என்று அரசு வக்கீல் பதிவில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால், அடுத்த முறை மாட்டும்போது இதுவும் பழைய குற்றமாகக் கணக்கில் சேரும்.

அதாவது, முன்பாக்கி! பேரத்தை ஒழிக்கவில்லை. பேரம் பேசியதை எழுதிவை என்றார்கள். சட்டப் புத்தகத்தில் சில வரிதான். ஆனால் இந்தக் கதையின் உண்மையான வெற்றி அதுதான் என்பேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1982-ல் ஜனாதிபதி ரீகன் கமிஷன் அமைத்தார், கேண்டியும் அதில் உறுப்பினர். மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21 என்று 1984 ஜூலையில் சட்டம் வந்தது. 1998-ல் மத்திய அரசு, ஐந்து வருஷத்துக்குள் இரண்டாம் முறை மாட்டுகிறவருக்கு லைசென்ஸ் முடக்கமும் ஐந்து நாள் சிறையோ முப்பது நாள் சமூக சேவையோ கட்டாயம் ஆக்குங்கள், இல்லாவிட்டால் சாலை நிதியில் கைவைப்போம் என்று மாநிலங்களை மிரட்டியது. குடித்த ஓட்டுநர் சம்பந்தப்பட்ட சாவுகள் 1982-ல் 21 ஆயிரத்துக்கு மேல். 2019-ல் அது 10 ஆயிரத்துச் சொச்சம். பாதிக்கும் கீழே. சந்தோஷப்படுவதற்குள் 2022-ல் 13 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

சரி, காரியைக் கொன்றவர் என்ன ஆனார்?

இரண்டு வருடத் தண்டனை. அதையும் முழுசாக ஜெயிலில் கழிக்கவில்லை. 1985-ல் மறுபடி குடித்துவிட்டு ஓட்டினார். மறுபடி மோதினார். ஓர் இளம்பெண்ணுக்குக் காயம். மறுபடி கைது.

கேண்டி லைட்னர் அமைப்பிலிருந்து விலகியதும் அதே 1985-ல்தான். மகளுக்காக ஆரம்பித்த சண்டையில் தேசத்தின் சட்டங்களை அவரால் மாற்ற முடிந்தது. அந்த ஓர் ஆளை மாற்ற முடியவில்லை.

அதனால் தோற்றுவிட்டார் என்று அர்த்தமா? இல்லை. ஒரு மனிதன் திருந்துவானா என்பது கோர்ட்டின் கையில் கிடையாது. அவன் போன தடவை என்ன செய்தான் என்பதை மறக்காமலிருப்பது மட்டும்தான் கோர்ட்டின் கையில் இருக்கிறது. அதற்கும்கூட, பின் பெஞ்சில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.