பட்டமும் அபயக் குரலும்

ஆடி மாதம் பண்பொழியில் பட்டம் ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கஷ்டம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று நூலோடு ஆளையும் இழுக்கும். திருமலைக் கோவில் அடிவாரத்தில் நான் பறிகொடுத்த பட்டங்களுக்குக் கணக்கில்லை. பட்டம் என்றால் பையன்கள் விளையாட்டு என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் அது உயிர் காத்த கதை பிற்பாடுதான் தெரிந்தது.

விமானம் கடலில் விழுந்தால், தப்பியவர்கள் ரப்பர் தோணியில் மிதப்பார்கள். மேலே தேடி வருகிறவன் கண்ணுக்கு அந்தத் தோணி ஒரு கடுகு. இதற்கென்றே ஜெர்மானியர் ஒரு கை ரேடியோ செய்திருந்தார்கள். 1941-ல் அதில் ஒன்று பிரிட்டிஷாரிடம் சிக்கிற்று. பகைவன் சரக்கு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. பிரிட்டிஷார் அதைப் பார்த்து ஒன்று செய்தார்கள், அமெரிக்கரும் செய்தார்கள். அமெரிக்கப் பெட்டிக்குச் செல்லப் பெயர் ‘கிப்ஸன் கேர்ள்’. கிப்ஸன் என்ற சித்திரக்காரர் வரைந்த சீமாட்டிகளைப் போல அதற்கும் இடை சிறுத்திருக்கும். தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளத்தான் அந்த வசதி. நம் கவிராயர்கள் செய்திருந்தால் இடையே இல்லை என்று சொல்லி விமானியைத் திண்டாட வைத்திருப்பார்கள்!

அதில் பாட்டரி கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். ஏரியல் கம்பி சுமார் 300 அடி; அதை வானத்தில் தூக்கிப் பிடிக்கவே பட்டம். காற்று இல்லாவிட்டால் ஹைட்ரஜன் பலூன். நனைந்து நடுங்குகிறவனுக்குத் தந்திக் குறிகள் நினைவிருக்குமா? அதையும் யோசித்திருக்கிறார்கள். சுற்றினால் போதும், பெட்டியே ‘எஸ்.ஓ.எஸ்.’ அடித்துவிடும். அது பேசிய 500 கிலோசைக்கிள் அலைவரிசையில், மணிக்கு இருமுறை மும்மூன்று நிமிஷம் கப்பல்கள் தம் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும் என்பது அந்நாளைய சர்வதேச விதி.

ஆனால் பெட்டிக்கு வாய் உண்டு, காது இல்லை. யாராவது கேட்டார்களா என்று அறியாமலே, கை ஓயும்வரை சுற்ற வேண்டும். அந்த மனிதனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவனுடைய தவிப்பு நம் மீனவர்களுக்கும் இருந்தது. 2010 முதல் அவர்களுடைய படகுகளுக்கு இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி வந்தது. விசையை அழுத்தினால் விண்கோள் வழியே பெங்களூருக்குச் செய்தி போகும். அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். படகுக்கு மட்டும் பதில் வராது. 2024-ல் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், ‘உன் குரல் கேட்டது’ என்ற தகவல் நடுக்கடலுக்குத் திரும்பிப் போக வழி செய்தார்கள்.