கண்ணாடியில் பிறக்கும் தரை

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி, மேலே ஈரச்சாந்தை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி கழன்றதும் பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடுகிறது. மெருகு இயந்திரம் தேவையில்லை.

பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார், இந்தத் தரை பதித்த வீட்டைத் தலைமுறைகளுக்காகக் கட்டினார்கள். தூணுக்குப் பர்மா தேக்கு. சுவருக்குக் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. வெயில் காலத்திலும் உள்ளே குளுமை.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. செல்வம் சரிந்தது. பல வீடுகள் பூட்டப்பட்டன, சில பிரிக்கப்பட்டு மரமும் கதவும் விலைக்குப் போயின. அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இந்தத் தரையைப் பெயர்க்க வேண்டாம். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், அது சிமெண்டை அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.