வெதுவெதுப்பான கடலிலும் உடல் குளிரும்: சுழியோடிகள் வெட்சூட் பற்றி அறியவேண்டியவை

வடக்கில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளுடன் தொழிலைப் பற்றிக் கதைத்தால் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் செலவு வரும், அனுமதிப்பத்திரம் வரும், வெளி மாவட்டப் படகுகள் வரும், அட்டை வாங்குபவர் சொல்லும் விலை வரும். ஆழத்திலிருந்து ஏறிய பிறகு கால் இயங்காமல் போனவர்களின் கதைகளும் வரும். குளிர் மட்டும் அனேகமாக வராது. நானாகக் கேட்டால், இது என்ன நோர்வேயா என்று சிரிப்பார்கள். அதே ஆட்கள்தான் வாடைக் காலத்தில் இரண்டாவது சிலிண்டர் முடித்துப் படகில் ஏறும்போது பல்லுக் கிட்டி நடுங்குகிறார்கள்.

அந்த நடுக்கத்தைத் தொழிலோடு வரும் சில்லறைத் தொந்தரவாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கால் இயங்காமல் போவதற்கும் உடல் குளிர்வதற்கும் தொடர்பு உண்டு. போரில் ஏற்கெனவே ஒருவரை இழந்த வீட்டில், உழைக்கும் இன்னொருவர் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து படுத்தால் என்ன ஆகும் என்பதை எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனவே வெட்சூட் எப்படி வேலை செய்கிறது, அதற்கு அளவு பார்ப்பது எப்படி, எமது கடலுக்கு எது போதும் என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறேன்.

28 பாகை ஏன் குளிர்?

எமது உடலின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 28 பாகைக் காற்றில் வியர்க்கும் ஒருவர், 28 பாகைத் தண்ணீரில் ஒவ்வொரு நிமிடமும் சூட்டை இழந்துகொண்டே இருப்பார். உடை இல்லாமல் அசையாமல் இருக்கும் மனிதர் சூடு குறையாமல் இருக்கவேண்டுமென்றால் தண்ணீர் 33 முதல் 35 பாகை வரை இருக்கவேண்டும். எமது கடல் அதற்குக் கீழேதான் இருக்கிறது. வாடைக் காலத்தில் அது இன்னும் குறைகிறது.

முதலில் விரல்கள் சொன்னபடி கேட்காது. பிறகு நடுக்கம் வரும். உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே போனால் மூளை மந்தமாகும். எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்ற கணக்குகள் பிசகும். ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் சொறிமுட்டையிலிருந்தும் முருகைக்கல்லிலிருந்தும் தோலைக் காக்கும். குளிரைத் தடுக்காது.

வெட்சூட் என்ன செய்கிறது?

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைச் சுழியோடிகளுக்காக இதை உருவாக்கியவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர். அதுவரை சுழியோடியைத் தண்ணீர் படாமல் வைத்திருக்கவே முயன்றார்கள். நனைந்தாலும் பரவாயில்லை, வெப்பத்தைத் தடுக்கும் வாயு உடையின் துணிக்குள்ளேயே இருந்தால் போதும் என்பதே பிராட்னரின் எண்ணம். அதற்கு உதவியது நியோப்பிரீன் என்ற செயற்கை றப்பர். நுரையாக்கப்பட்ட நியோப்பிரீனுக்குள் ஆயிரக்கணக்கான சிறிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கும்.

உடைக்குள் புகும் தண்ணீர் சூடாகி உடலைக் காக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் காப்பது அந்தக் குமிழிகள். உள்ளே புகும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை உடலே சூடாக்குகிறது. அது வெளியே போகாமல் இருக்கும்வரைதான் பயன். அது வெளியேறிப் புதுத் தண்ணீர் வந்தால், அதையும் உடலே மீண்டும் சூடாக்கவேண்டும்.

தடிப்பைவிட அளவு முக்கியம்

இதனால்தான் தொளதொளவென்ற 5 மில்லிமீற்றர் உடையைவிட உடம்போடு ஒட்டிய 3 மில்லிமீற்றர் உடை சூடாக இருக்கும். போட்டுப் பார்க்கும்போது கவனிக்கவேண்டியவை:

நாரி: முதுகின் கீழ்ப்பகுதியில் உடை பள்ளம் விட்டு நிற்கக்கூடாது. குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி பம்பி போலத் தண்ணீரை இழுத்துத் தள்ளும்.

கமக்கட்டும் தொடையிடுக்கும்: துணி தொங்கக்கூடாது. கைகளை மேலே தூக்கியும் குந்தியிருந்தும் பாருங்கள். உடல் இலகுவாக அசையவேண்டும்.

கழுத்து: தோலோடு படிந்திருக்கவேண்டும், ஆனால் நெரிக்கக்கூடாது. கழுத்தின் பக்கவாட்டு நாடிகளை அழுத்தும் உடை தலைசுற்றலையும் மயக்கத்தையும் கொண்டுவரலாம்.

மணிக்கட்டும் கணுக்காலும்: விரலை நுழைத்து எளிதாகச் சுழற்ற முடிந்தால் அங்கேயும் தண்ணீர் புகும்.

நெஞ்சு: ஆழமாக மூச்செடுத்துப் பாருங்கள். முழுமையாக எடுக்க முடியாவிட்டால் அந்த உடை வேண்டாம்.

தரையில் சற்று இறுக்கமாகத் தோன்றும் உடை தண்ணீருக்குள் கொஞ்சம் தளரும். தரையிலேயே வசதியாக இருக்கும் உடை கடலில் பெரிதாகிவிடும்.

எந்தத் தடிப்பு?

பொதுவாக, 27 பாகைக்கு மேல் 2 அல்லது 3 மில்லிமீற்றர் போதும். 24 முதல் 27 பாகை வரை உடல் முழுவதையும் மூடும் 3 மில்லிமீற்றர். 20 முதல் 24 பாகைக்கு 5 மில்லிமீற்றர். அதற்குக் கீழே 7 மில்லிமீற்றரும் தலையுறையும். 10 பாகைக்குக் கீழே தண்ணீர் உள்ளே வராத உலர் உடைதான் பாதுகாப்பு. எமது கடலில் ஒரு நாளில் பல தடவை இறங்குபவருக்குக் கைகால் முழுவதும் மூடிய 3 மில்லிமீற்றர் உடை பொருத்தம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பினால் இதை முதலே சொல்லிவிடுங்கள். கனடாவிலோ பிரித்தானியாவிலோ விற்கும் 7 மில்லிமீற்றர் உடை இங்கே சுமை. அலைச்சறுக்கலுக்கான உடை மென்மையானது, ஆழத்தில் அதிகமாக நசியும். சுழியோடிகளுக்கான உடையே தேவை. உயரம், நிறை, நெஞ்சளவு, இடுப்பளவு நான்கையும் அளந்து அனுப்புங்கள். பழைய உடை என்றால் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்தோ மெலிந்தோ போயிருந்தால் குமிழிகள் சிதைந்துவிட்டன என்று பொருள். பாவித்த பின் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, மடிக்காமல் தொங்கவிட்டால் நீண்டகாலம் உழைக்கும்.

ஈயக்கட்டியில் கவனம்

குமிழிகள் உள்ள உடை மிதக்கும். புதிதாக வெட்சூட் போடுபவர் இறங்குவதற்குக் கூடுதல் ஈயம் கட்டவேண்டியிருக்கும். ஆழத்தில் நிலைமை மாறும். 10 மீற்றரில் அமுக்கம் இரு மடங்காகும், 20 மீற்றரில் மூன்று மடங்காகும். குமிழிகள் நசிந்து உடை மெலியும். மிதப்பும் குறையும், சூடு காக்கும் திறனும் குறையும். மேலே சரியாக இருந்த ஈயம் கீழே பாரமாகிவிடும். காற்று நிரப்பும் மிதவைச் சட்டை இல்லாதவருக்கு இது உயிராபத்து. புது உடையை முதலில் ஆழம் குறைந்த இடத்தில், துணையோடு போட்டுப் பாருங்கள். ஈயப்பட்டியை ஒரு கையால் உடனே கழற்றி விட முடியவேண்டும்.

குளிரும் குமிழியும்

ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் உடலில் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறும். வேகமாக ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகி நரம்புகளைத் தாக்கும். கால் இயங்காமல் போவது இதனால்தான்.

குளிர் இங்கேதான் வருகிறது. கீழே ஓடி ஓடி வேலை செய்யும்போது உடல் சூடாக இருக்கும், இரத்தம் நன்றாக ஓடும், நைதரசனும் வேகமாகச் சேரும். வேலை முடித்து ஏறும் நேரத்தில் உடல் குளிர்ந்தால் கைகால்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, சேர்ந்த நைதரசன் வெளியேறுவது தாமதமாகும். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடிப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. கீழே சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். ஏறும்போது சூடாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவு. அந்த ஆய்வில் ‘குளிர்’ என்று எடுத்த தண்ணீர் 27 பாகை. எமது கடலின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுதான்.

எனவே வெட்சூட் இன்னும் அரை மணித்தியாலம் கீழே நிற்பதற்கான அனுமதி அல்ல. சூடாக இருக்கும் உடல் கீழே அதிக நைதரசனைச் சேர்க்கும். நேரத்தைக் கூட்டாமல், ஏறிவரும்போது குளிராமல் இருப்பதற்காக அதைப் போடவேண்டும். நடுக்கம் தொடங்கினால் அன்றைய தொழில் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறியதும் ஈர உடையைக் கழற்றி, காற்றுப் படாமல் போர்த்திக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள்; கடலில் நிற்கும்போது உடல் அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றி வறண்டுவிடும்.

ஏறிய பின் மூட்டுவலி, மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை தோன்றினால் படுக்கவைத்து, ஒக்சிசன் கொடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். மறுபடி கடலுக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இதற்கான உயரமுக்கச் சிகிச்சை அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. கடற்படை என்றதும் எமது மக்களிடம் எழும் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மணித்தியாலங்கள் கடக்கக் கடக்க நரம்பு மீளும் வாய்ப்புக் குறையும். வைத்தியரிடம் அந்த அறையைப் பற்றிக் கேட்டு, மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

ஜெஜு பெண்களின் அனுபவம்

தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ எனப்படும் பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிச் சங்கும் சிப்பியும் எடுக்கிறார்கள். 1970கள் வரை பருத்தி உடையோடு குளிர்காலக் கடலிலும் இறங்கினார்கள். உடல் வெப்பநிலை 35 பாகை வரை குறைந்ததும் கரையேறி, கல் அரணுக்குள் மூட்டிய தீயில் காய்ந்தார்கள். அவர்களுக்கு நேரத்தை அளந்து சொன்னது குளிர்தான். வெட்சூட் வந்தபின் ஒரே மூச்சில் பல மணித்தியாலங்கள் நிற்க முடிந்தது. சில ஆண்டுகளில் குளிரைத் தாங்க அவர்களின் உடல் பழகியிருந்த தன்மையும் மறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

குளிர் விதித்த எல்லை போனதும் வேறு எல்லை தேவைப்பட்டது. கடல் வெறுமையாகாமல் இருக்க எந்த நாளில் இறங்குவது, எந்த அளவுக்குக் குறைந்ததை எடுக்கக்கூடாது என்று கிராம மீனவர் சங்கங்கள் தீர்மானிக்கின்றன. ஜப்பானில் சில கிராமங்கள் வெட்சூட்டுக்கே கட்டுப்பாடு வைத்தன.

இங்கேயும் அந்த எல்லையை யாராவது வைக்கவேண்டும். தனியொரு சுழியோடியால் முடியாது. படகுக்காரரின் கணக்கும் அட்டை வாங்குபவரின் விலையும் அவரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். எமது கடற்றொழிலாளர் சங்கங்கள் ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை மீற்றர் என்று தீர்மானித்து, அதோடு சேர்த்து உறுப்பினர்களுக்கு அளவான உடை வாங்கக் கடனுக்கும் வழி செய்யலாம். உடை மட்டும் வந்து எல்லை வராவிட்டால், நடுக்கம் குறையும், கால் இயங்காமல் போகிறவர்களின் எண்ணிக்கை குறையாது.