பிடியரிசியும் பத்து வெள்ளியும்: தோட்டத் தமிழரின் சிக்கன வரலாறு



2020ஆம் ஆண்டு, நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம். முன்பு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். நாட்கூலி வேலை செய்பவர். இரண்டு மாதமாக வருமானம் இல்லை. "ஐயா, மூத்தவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். ஏதாவது வேலைக்குப் போகட்டும். செலவைக் குறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்றார்.

அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால், அன்றிரவு ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. நெருக்கடி வந்தபோதெல்லாம் நம் முன்னோர் எதைக் குறைத்தார்கள்? எதைக் குறைத்ததனால் மேலும் தாழ்ந்தார்கள்? எதைக் குறைத்ததனால் நிமிர்ந்தார்கள்? அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

முதல் நெருக்கடி: 1930களின் பெருமந்தம்

ரப்பர் விலையை முடிவு செய்தவர்கள் பால்மரக் காட்டில் இருந்தவர்கள் அல்லர். 1925ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 4 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அதாவது 48 பென்சுக்கும் மேல். 1932ஆம் ஆண்டில் அதே ரப்பரின் விலை ஏறத்தாழ 2 பென்சுக்கு இறங்கியது. ஏழே ஆண்டுகளில் நிகழ்ந்த வீழ்ச்சி இது.

அந்த வீழ்ச்சி மலாயாவின் லயங்களில் எப்படி இறங்கியது? முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த அன்றாடக் கூலி, 1930ஆம் ஆண்டில் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பிறகு அதற்கும் கீழே சென்றது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்றைய நிலைக்கூலி, ஒரு தொழிலாளி உயிர்வாழ மாதந்தோறும் என்னென்ன வேண்டும் என்ற செலவுப் பட்டியலை ஒட்டியே கணக்கிடப்பட்டது. அரிசி விலை இறங்கியதும், "வாழ்க்கைச் செலவு குறைந்துவிட்டது, எனவே கூலியையும் குறைக்கலாம்" என்று முதலாளிகள் வாதிட்டார்கள். எண்ணிப் பாருங்கள். தொழிலாளி எவ்வளவு குறைவான செலவில் வாழ்ந்து காட்டினானோ, அவ்வளவு குறைவான கூலியே அவனுக்குப் போதும் என்றாகிவிட்டது! அவனுடைய சிக்கனமே அவனுக்கு எதிரான சாட்சியாக நின்றது.

அடுப்படியில் இந்தச் சுமையைச் சுமந்தவர்கள் பெண்கள். ஆணைவிடக் குறைந்த கூலிக்குப் பால் வெட்டிவிட்டு வந்து, சோற்றைக் கஞ்சியாக்கியும் லயத்துக்குப் பின்புறம் கீரையும் மிளகாயும் நட்டும் குடும்பத்தைக் காத்தார்கள். என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் களைந்த அரிசியிலிருந்து அல்ல, களைவதற்கு முன்பே ஒரு பிடி அரிசியை எடுத்துப் பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். பிடியரிசி என்பது அதன் பெயர். மாதக் கடைசியில் கடைக்காரர் கடன் தர மறுக்கும் நாளில் அந்தத் தகரம் திறக்கப்படும். அந்தப் பழக்கத்தைத் தம் தாயிடம் கற்றதாகச் சொல்வார்.

அக்காலத்தில் மற்றொன்றும் எளிதாகக் குறைக்கப்பட்டது. அதுதான் பிள்ளையின் படிப்பு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் இருந்தது, கொட்டகையும் இருந்தது. ஆயினும் கையிருப்பு வற்றியபோது பிள்ளை தாயோடு காட்டுக்குப் போனான். அல்லது தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தான். அன்று மிச்சப்பட்டது சில காசு. இழந்ததோ ஒரு தலைமுறையின் வாய்ப்பு.

இரண்டாம் நெருக்கடி: சப்பானியர் காலம்

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் சிக்கனம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை உணவாயிற்று. துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தியவர்கள் உண்டு. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. உழைப்பவர் இல்லாத வீட்டில் செலவைக் குறைப்பது எங்ஙனம்?

அந்நாளில் புழங்கிய பணத்தை மக்கள் வாழைமர நோட்டு என்றார்கள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தமையால் வந்த பெயர் அது. கட்டுப்பாடின்றி அச்சடிக்கப்பட்ட அந்தத் தாள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாது என்றாகிவிட்டது. வயிற்றைக் கட்டி அந்த நோட்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்த குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் வெறுங்காகிதமானது. சேமித்தால் மட்டும் போதாது. எதில் சேமிக்கிறோம் என்பதும் முக்கியம் என்னும் பாடத்தை நம்மவர் மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றார்கள்.

கள்ளுக்கடைக்கு எதிராக

குறைக்கத் தக்க செலவு ஒன்று தோட்டத்தின் நடுவிலேயே இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைதான் அது. சம்பளம் போடும் நாளில் கூலியின் ஒரு பகுதி வீட்டுக்கு வருமுன்பே அங்கே கரைந்துவிடும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளுக்கடைகளை மறித்தது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் காவல் துறையினருடன் மோதல் மூண்டது.

கூலி உயரவேண்டும் என்று கேட்ட அதே மக்கள், கூலியை உறிஞ்சும் கடையையும் மூடச் சொன்னார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய வரலாறு. சோற்றையும் படிப்பையும் குறைப்பதற்கு முன் குறைக்க வேண்டியது எது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

பத்து வெள்ளி நிலமான கதை

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி மற்றொரு நெருக்கடி வந்தது. ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தமையால், வேலை போன அன்றே லயமும் போயிற்று.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க யாரிடம் இருந்தது? மாதம் 10 வெள்ளி வீதம் தவணையில் செலுத்தலாம் என்றார்கள். தோட்டம் தோட்டமாகச் சென்று சம்பந்தன் உறுப்பினர்களைச் சேர்த்தார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்து மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது? பிடியரிசி எடுத்த அதே கைகளிலிருந்துதான் வந்தது. தனி வீட்டின் தகரத்தில் இருந்தவரை அது மாதக் கடைசிக்கு மட்டுமே உதவியது. ஆயிரம் வீடுகள் சேர்ந்தபோது அது நிலமாயிற்று.

நம்மவர்க்கு இது புதிய பழக்கமும் அன்று. மாதந்தோறும் பலர் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டு முறை தோட்டங்களில் வேரூன்றியிருந்தது. அதிலும் ஏமாற்று புகுந்தது. பணத்தோடு மறைந்தவர்களும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடுக்க 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்னும் நம் தமிழ்ச்சொல் இடம்பெற்றுவிட்டது. சேர்ந்து சேமிப்பது நன்று. கணக்கு வெளிப்படையாக இருத்தல் அதனினும் நன்று.

இன்று நமக்கு

வரவு சிறிதாக இருந்தாலும் செலவு அதைவிட விரியாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவர் காட்டும் நெறி. அதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஆனால், வரவின் வாய்க்கால் முற்றும் அடைபடும் காலங்களும் உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது. 2020 முதல் 2022 வரை, முதுமைக்கென ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்திலிருந்து மலேசியர்கள் எடுத்த சிறப்பு மீட்புத் தொகை 145 பில்லியன் ரிங்கிட். அவர்களை ஊதாரிகள் என்று யாரும் பழிக்க இயலாது. அது அவர்களின் பிடியரிசித் தகரம். திறக்க வேண்டிய நாள் வந்தது, திறந்தார்கள். இனி அதை மீண்டும் நிரப்பும் வழியைத்தான் எண்ண வேண்டும்.

பெற்றோர்களே, நெருக்கடியில் செலவுப் பட்டியலை எடுத்து உட்காரும்போது, கடைசி வரிவரை விட்டுவைக்க வேண்டியவை இரண்டு: பிள்ளையின் உணவு, பிள்ளையின் படிப்பு. பட்டியலைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வீட்டு நிலை அறிந்த பிள்ளை அடம்பிடிப்பதில்லை. ஆசிரியர்களே, நான்காம் ஆண்டுக் கணிதத்தில் பணம் என்ற தலைப்பு வரும்போது, கற்பனைக் கடையின் பொம்மை விலையோடு நிறுத்தாமல், 40 காசுக் கூலியில் ஒரு குடும்பம் மாதத்தை எப்படிக் கழித்திருக்கும் என்றும் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அந்தத் தந்தையிடம் மறுநாள் பேசினேன். இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். கட்டணத் தொலைக்காட்சியும் சிகரெட்டும் முதலில் போயின. எஞ்சிய குறைக்கு எங்கள் ஆசிரியர் சிலர் மாதம் ஆளுக்கு 10 ரிங்கிட் போட்டோம். பையன் பள்ளிக்குத் திரும்பினான். அவனோடு படித்த இருவர் திரும்பவில்லை. அவர்களின் வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வரவில்லை. நானும் அழைத்துக் கேட்கவில்லை.

அடுத்த நெருக்கடி வரும்போது, அழைப்புக்காகக் காத்திராமல் நாமே கேட்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்