‘மாஸ்’ என்னும் சொல்

நம் கோவில் அறிவிப்புப் பலகையில் ‘மாஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி நேரம் குறிக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் ‘பூசை காண’ப் போகிறார்கள். பீடத்திலிருந்து கேட்கும் சொல்லோ ‘திருப்பலி’. பூசை வழிபாட்டைக் குறிக்கிறது. திருப்பலி பலியைக் குறிக்கிறது. மாஸ் எதைக் குறிக்கிறது?

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் ‘நிறை’ என்பார்கள். அது இயற்பியல் பாடம். இளைஞர்களைக் கேட்டால் சினிமாக் கதாநாயகனைக் காட்டுவார்கள்! ஆங்கிலத்தில் இவற்றுக்கெல்லாம் ஒரே எழுத்துக்கள்தாம். ஆனால், ஒரு சொல் அன்று, இரு சொற்கள். ஒரே பெயருடைய இருவர் ஒரே தெருவில் குடியிருப்பது போன்றது இது.

நிறையைக் குறிக்கும் மாஸ் கிரேக்கரின் அடுப்பங்கரையில் பிறந்தது. வாற்கோதுமை மாவைப் பிசைந்து செய்த அப்பத்துக்கு அவர்கள் ‘மாசா’ என்று பெயரிட்டனர். இலத்தீனில் அது பிசைந்த மாவு உருண்டையாகி, பிறகு எந்தத் திரளுக்கும் பெயராயிற்று. சிறிது புளிப்பு மாவு மாவு முழுவதையும் புளிக்க வைக்கும் என்று புனித சின்னப்பர் எழுதியதை இலத்தீன் வேதாகமம் இச்சொல்லைக் கொண்டே பெயர்த்திருக்கிறது. 1687-இல் வெளியான நியூட்டனின் நூல் இதற்கு அறிவியலில் இடம் தந்தது. மக்கள் திரளுக்கும், சினிமா ஆரவாரத்துக்கும் இதுவே மூலம்.

அப்பம், புளிப்பு மாவு என்றதும் நம் வழிபாட்டின் பெயரும் இதுவே என்று நினைக்கத் தோன்றும். அப்படியன்று. அது ‘மிஸ்ஸா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் ‘அனுப்புதல்’. ஆதித் திருச்சபையில் வாசகங்களும் பிரசங்கமும் முடிந்ததும் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வோரை வெளியே அனுப்பினார்கள். இறுதியில் விசுவாசிகளை அனுப்பினார்கள். குருவானவர் ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்பார். ‘போங்கள், அனுப்புதல் ஆயிற்று’ என்பது அதன் நேர்பொருள். இப்படி முடிவில் வரும் சொல் முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது. கிறிஸ்மஸ் என்பதில் ஒட்டியிருப்பதும் இதுவே. கிறிஸ்துவின் பூசை என்பதே அதன் பொருள். ஆகஸ்டு முதல் நாள் புது அறுவடையின் அப்பத்தைக் கோவிலுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர், அந்நாளை ‘லாமஸ்’, அதாவது அப்பப் பூசை, என்றனர். அங்கே மட்டும் அப்பமும் பூசையும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன.

நாம் அன்றாடம் வழங்கும் மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி என்பவற்றிலுள்ள ‘மிஷன்’ இதே குடும்பத்துச் சொல். அனுப்பப்பட்டவர்கள் வந்து தொடங்கியவை அவை.

இதை அறிந்தபின் ஒன்று நமக்கு உறுத்துகிறது. நற்கருணை வாங்கிய கையோடு நம்மில் சிலர் செருப்பைத் தேடுகிறோம். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே வாசலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன. வழிபாட்டுக்குப் பெயர் தந்த அந்த ஒரு சொல் சொல்லப்படும்போது நாம் அங்கே இருப்பதில்லை! வீட்டில் அடுப்பு வேலை காத்திருக்கும் தாய்மாரை நாம் குறை சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அப்படி என்ன அவசரம்?

இந்த அனுப்புதல் வெறும் கலைந்துபோதல் அன்று என்பதைக் காட்ட, 2008-இல் பாப்பரசர் 16-ஆம் ஆசீர்வாதப்பர் வேறு சில வாய்பாடுகளுக்கும் இசைவளித்தார். சென்று நற்செய்தியை அறிவிக்கும்படி சொல்வது அவற்றுள் ஒன்று. நம் தமிழ்ப் பூசையிலோ குருவானவர் ‘சென்று வாருங்கள்’ என்கிறார். இலத்தீனில் ‘வாருங்கள்’ என்பது இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது ‘போங்கள்’ என்று மட்டும் சொல்ல நம்மவர்க்கு வாய் வராது.