ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்

சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு சேரும் கிழக்கு வாயிலில் நிற்கும் கருங்கல் கோபுரம். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டியது. அது நிற்கும் பெத்ரா பிராங்கா என்ற பாறை, மலாய்க்காரர்களுக்கு பத்து புத்தே; நீர் வற்றும்போது அதன் நீளம் 137 மீட்டர்தான். சிங்கப்பூர் சுமார் 44 கிலோமீட்டர் தொலைவு. ஜொகூர் கரை அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே இருக்கிறது. பாறை யாருக்கு என்று பின்னாளில் எழுந்த வழக்குக்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் ஸ்காட்லாந்து மாலுமி. 1786இல் அவர் வேலை பார்த்த 'அட்லஸ்' கப்பல் டியேகோ கார்சியாவில் தரைதட்டி உடைந்தது. வரைபடம் தவறாக இருந்ததே காரணம். அதற்குப் பிறகு கடல்வழிகளை அளந்து எழுதுவதே அவர் தொழிலாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியாகவும் ஆனார். 1836இல் அவர் இறந்ததும், அவர் எழுதிய கடல்வழி நூலை நம்பிக் கப்பல் விட்ட காண்டன் வணிகர்கள் நினைவு விளக்கம் ஒன்றுக்குப் பணம் திரட்டத் தொடங்கினார்கள்.

எங்கே கட்டுவது என்பதிலேயே பத்து ஆண்டு போயிற்று. 1844இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பட்டர்வொர்த், ஜொகூர் சுல்தானுக்கும் தெமெங்கோங் என்ற உயர் அதிகாரிக்கும் எழுதினார். இருவரும் சம்மதித்துப் பதில் அனுப்பினார்கள். அப்போது பேச்சில் இருந்த இடம் கரையோரமுள்ள பீக் பாறை. பட்டர்வொர்த்தின் கடிதம் பின்னர் கிடைக்கவில்லை, பதில்கள் மட்டுமே உள்ளன. பெத்ரா பிராங்காவுக்கும் சேர்த்துத்தான் அனுமதி கேட்டாரா என்று நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் வழக்கறிஞர்கள் வாதாடியது இதனால்தான்.

அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் 1847இல், கடைசியில் தேர்வான பெத்ரா பிராங்காமேல் செங்கல் தூண்கள் எழுப்பி அலையின் வேகத்தைச் சோதித்தார். சில தூண்களைக் கடல் பெயர்த்துவிட்டது. எனவே புலாவ் உபின் தீவின் கருங்கல் தேர்வாயிற்று. 1850 மே 24 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாறையில் ஒதுங்கவே முடியாது என்பதால் வேலை விட்டுவிட்டுத்தான் நடந்தது. 1851 அக்டோபர் 15 முதல் விளக்கு எரிந்தது. சீனக் கல்தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், கல் பிளக்க இந்தியக் கைதிகள் என்று கலந்த கூட்டம் அதைக் கட்டியது. சென்னை மாகாணத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கைதிகள் வரத் தொடங்கியது 1825இல்.

  

விளக்கின் செலவுக்காகக் கப்பல்களிடம் வரி வாங்கும் சட்டத்தை 1852இல் இயற்றியது இந்திய அரசு. 1867 வரை சிங்கப்பூர் கல்கத்தாவின் கீழ்தான் இருந்தது.

நூறு ஆண்டுக்கு மேல் யாரும் பாறையைக் கேட்கவில்லை. 1953இல் சிங்கப்பூர் விசாரித்தபோது, தங்களுக்கு அதில் உரிமைக் கோரிக்கை இல்லை என்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளரே பதில் எழுதினார். 1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட வரைபடம் பாறையைத் தன் எல்லைக்குள் காட்டியது. அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் ஆட்சேபித்தது. விளக்கு 1988இல் தானியங்கியானது. வழக்கு மட்டும் ஓயாமல் 2003இல் ஹேகிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

தீர்ப்பு 2008 மே 23இல் வந்தது. விளக்கைக் கட்டியவருக்கே பாறை சொந்தம் என்று நீதிபதிகள் சொல்லிவிடவில்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாறை முதலில் ஜொகூருடையது, ஆனால் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தால் 1980க்குள் சிங்கப்பூர் கைக்குப் போய்விட்டது என்றார்கள். 1953 கடிதத்துக்குப் பெரிய எடை கிடைத்தது. வாக்கு 12க்கு 4. அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின. சௌத் லெட்ஜ் என்ற மற்றொரு பாறை யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவர்களுக்கே என்று நீதிமன்றம் விட்டது. 2017இல் மலேசியா மறுபரிசீலனை கேட்டு, மறு ஆண்டு ஆட்சி மாறியதும் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.